அன்பியத்தில் நற்செய்திப் பகிர்வு

தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம் பழகிப்போன ஒன்று. பெரும்பாலும் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். ஒவ்வொரு முறையும் ஒரு வீடு. செபமாலை முடிந்து, ஒரு பாட்டுப் பாடி, நற்செய்தியிலிருந்து ஒரு பகுதியை ஒருவர் வாசிப்பார். சிக்கல் அதற்குப் பிறகுதான். "யாராவது பகிர்ந்துகொள்ளலாம்" என்று பொறுப்பாளர் சொன்னதும் எல்லாரும் பாயைப் பார்ப்பார்கள். கடைசியில் வழக்கமாகப் பேசுகிற ஒருவரே பேசுவார். ஞாயிற்றுக்கிழமை கேட்ட மறையுரை மறுபடி வரும். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அறிவிப்பு, சந்தா, தேநீர், கூட்டம் முடிந்தது.

இதில் யாருக்கும் ஆர்வக் குறைவு இல்லை. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு ஏழு மணிக்கு இன்னொருவர் வீட்டில் வந்து தரையில் உட்காருகிறவர்களைப் பார்த்து ஆர்வம் போதாது என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு யாரும் முறையைச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அந்த முறை இருக்கிறது, கற்பது எளிது, பெரிய படிப்புத் தேவையில்லை. தேவை இரண்டு: வாசகத்தை விட்டு நகராத பொறுமை, அடுத்தவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கிற பழக்கம். இந்த அதிகாரம் முழுக்க அந்த இரண்டையும் பற்றியதுதான்.

தனியாக வாசித்தால் தப்பிப்போவது

வீட்டில் தனியாகவே நற்செய்தி வாசிக்கலாமே, பத்துப் பேர் எதற்கு? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று, ஊதாரி மைந்தன் உவமையை (லூக்கா 15:11–32) வைத்து நடந்த ஒரு சோதனையில் கிடைக்கிறது. மார்க் ஆலன் பவல் என்ற அமெரிக்க விவிலிய அறிஞர், அந்த உவமையை வாசிக்கச் சொல்லி, பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அமெரிக்காவில் 100 பேரில் 6 பேர் மட்டுமே கதையில் வரும் பஞ்சத்தைக் குறிப்பிட்டார்கள். மகன் சொத்தை ஊதாரித்தனமாகச் செலவழித்ததை ஒருவரும் விடவில்லை. அதே சோதனையை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் செய்தபோது 50 பேரில் 42 பேர் பஞ்சத்தைச் சொன்னார்கள்.

காரணம் அந்த ஊரின் வரலாற்றில் இருக்கிறது. அப்போது லெனின்கிராட் என்று பெயர் கொண்டிருந்த அந்த நகரத்தை, 1941 முதல் 1944 வரை ஜெர்மன் படை முற்றுகையிட்டது. லட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தார்கள். உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கதையைக் கேட்கும்போது பஞ்சம் என்ற இடத்தைத் தாண்டிப்போக முடியவில்லை. பின்னர் தான்சானியாவில், அந்த இளைஞன் பன்றிகளோடு சேர்ந்து பட்டினி கிடக்கும் நிலைக்கு ஏன் வந்தான் என்று பவல் கேட்டபோது, பெரும்பாலோர் மூன்றாவதாக ஒரு பதில் சொன்னார்கள்: யாரும் அவனுக்கு உண்ணக் கொடுக்கவில்லை. அந்நியனைப் பட்டினி போட்ட ஊர்தான் குற்றவாளி என்பது அவர்கள் பார்வை.

மூன்றுமே வாசகத்தில் இருக்கின்றன. ஊதாரித்தனம் 13ஆம் வசனம், பஞ்சம் 14, யாரும் கொடுக்காதது 16. யாரும் இல்லாததைச் சேர்க்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை எதைக் கேட்கப் பழக்கியதோ அதைக் கேட்டார்கள். மற்றதை வாசித்தும் கடந்துபோனார்கள். ஓர் அன்பியத்தில் மீன் விற்கிறவரும் வங்கி ஊழியரும், கணவரை இழந்தவரும் கல்லூரி மாணவியும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். ஒருவர் கடந்துபோன வசனத்தில் இன்னொருவர் நின்றிருப்பார். அவரைப் பேசவிட்டால் வாசகத்தின் அந்தப் பக்கம் எல்லாருக்கும் கிடைக்கும். அவர் வாய் திறக்காமலே கூட்டம் கலைந்தால் அது யாருக்கும் கிடைக்காது.

முறை வந்த வழி

சேர்ந்து வாசிப்பதும் நிறுத்தி வாசிப்பதும் திருச்சபைக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ, துறவு மடங்களின் பழக்கத்தை வாசிப்பு, தியானம், இறைவேண்டல், ஆழ்நிலைச் செபம் என நான்கு படிகளாக எழுதி வைத்தார். ஆனால் விவிலியத்தைக் கையில் எடுத்து வாசிப்பது பொதுநிலையினர் எல்லாருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழுத்திச் சொன்னது 1965 நவம்பர் 18ஆம் தேதி வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில்தான்.

அதன்பின் பல நாடுகளில் ஏழைகளின் வட்டங்கள் முளைத்தன. நிகரகுவா ஏரியின் சொலெந்தினாமே தீவுகளில், கவிஞரும் குருவுமான எர்னெஸ்தோ கார்தெனால் மறையுரைக்குப் பதிலாக உழவர்களையும் மீனவர்களையும் நற்செய்தி பற்றிப் பேச விட்டார். அவர்கள் பேசியது நூலாகவும் வந்தது. பிரேசிலில் கர்மேல் சபைத் துறவி கார்லோஸ் மெஸ்தர்ஸ், மக்களின் விவிலிய வாசிப்பு மூன்று மூலைகள் கொண்டது என்று விளக்கினார்: விவிலிய வாசகம், மக்களின் வாழ்வு, நம்பிக்கையுள்ள குழு. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் வாசிப்பு கோணலாகிவிடும்.

தமிழக அன்பியங்களில் சொல்லித்தரப்படும் 'ஏழு படி' முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. அதை வளர்த்தவர்கள் ஃப்ரிட்ஸ் லோபிங்கர், ஓஸ்வால்ட் ஹிர்மர் என்ற இரு ஜெர்மானிய அருள்பணியாளர்கள். பின்னாளில் இருவரும் அங்கேயே ஆயர்கள் ஆனார்கள். குருக்கள் போதாத ஊர்களில், குரு இல்லாதபோதும் மக்கள் தாங்களே கூடி நடத்தக்கூடியதாக இது அமைந்தது. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, எல்லாரும் பங்கேற்கும் திருச்சபையை வலியுறுத்தியது. அதைத் தொடர்ந்து 1993இல் தொடங்கிய ஆசிய மேய்ப்புப்பணித் திட்டம் வழியாக இந்த ஏழு படிகள் ஆசியப் பங்குகளுக்குள் பரவின.

கூட்டத்துக்கு முன்னால்

நல்ல பகிர்வில் பாதி முந்தைய நாளிலேயே அமைந்துவிடுகிறது.

வாசகம் சிறியதாக இருக்கட்டும்: ஏழு முதல் பதினைந்து வசனம். பெரும்பாலான பங்குகளில் வரும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியின் நற்செய்தியையே எடுத்துக்கொள்கிறார்கள், அதுவே எளிது. முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என்று திருவழிபாட்டு ஆண்டு சுழல்வதால் மூன்றாண்டில் அன்பியம் மூன்று நற்செய்திகளோடும் பழகிவிடும். யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருகிறார்.

பொறுப்பாளர் அந்தப் பகுதியை வீட்டில் ஒருமுறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன வருகிறது என்றும் பார்த்து வைக்க வேண்டும். அடிக்குறிப்பு இருந்தால் படிக்க வேண்டும். சொற்பொழிவு தயாரிக்க வேண்டியதில்லை. தயாரித்தால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வட்டமாக உட்கார வேண்டும். கட்டிலில் சிலர், நாற்காலியில் சிலர், வாசற்படியில் சிலர் என்று சிதறினால் பேச்சும் சிதறும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி போடலாம்; ஆனால் வட்டத்துக்குள்ளேயே. நடுவில் சிறு முக்காலியில் விவிலியமும் மெழுகுதிரியும். கைப்பேசியில் வாசிப்பவர்கள் அழைப்பும் அறிவிப்பும் வராதபடி செய்துகொள்ளட்டும். பதினைந்து பேருக்கு மேல் வந்தால் பகிர்வு நேரத்தில் இரண்டு வட்டமாகப் பிரிவதே நல்லது.

ஏழு படிகள், ஒரு வாசகத்தோடு

படிகளைத் தனியாகச் சொன்னால் மனதில் நிற்காது. பார்வையற்ற பர்த்திமேயு நலம்பெறும் பகுதியை (மாற்கு 10:46–52) வைத்தே பார்க்கலாம். ஏழே வசனம். மொத்தம் ஒரு மணி நேரம்.

*முதல் படி: ஆண்டவரை அழைத்தல் (5 நிமிடம்).* ஒருவர் தம் சொந்தச் சொற்களில், நான்கைந்து வாக்கியத்தில், இயேசுவைக் கூட்டத்துக்குள் அழைக்கிறார். நீண்ட மன்றாட்டுக்கு இது இடமல்ல; அதற்கு ஏழாம் படி இருக்கிறது.

*இரண்டாம் படி: வாசித்தல் (5 நிமிடம்).* நூல், அதிகாரம், வசனம் என்ற வரிசையில் அறிவித்துவிட்டு, கடைசி ஆள் பக்கத்தைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கலாம். வாசகர் மெதுவாக, தெளிவாக வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் சிறிது அமைதி.

*மூன்றாம் படி: வாசகத்தில் தங்குதல் (10 நிமிடம்).* ஏழில் மிக முக்கியமானதும், அவசரத்தில் பலர் தாண்டிவிடுவதும் இதுதான். ஒவ்வொருவரும் தமக்குப் பட்ட ஒரு சொல்லையோ சொற்றொடரையோ மட்டும் எடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், செப உணர்வோடு மூன்று முறை சொல்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே சிறு இடைவெளி. ஒருவர் வழியோரத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைச் சொல்வார். இன்னொருவர், பலர் அவரை அதட்டியதை. வேறொருவர், இயேசு நின்றதை. தூக்கி எறிந்த மேலுடையை ஒரு சிறுமி சொல்வாள்.

இந்தப் படியைக் காக்க நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒருபோதும் பேசாதவர், விளக்கம் கேட்டால் ஒடுங்கிப்போவார். ஒரு சொல்லை மட்டும் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவார். தம் குரலை வட்டத்துக்குள் ஒருமுறை கேட்டுவிட்டவர், ஐந்தாம் படியில் இரண்டு வாக்கியம் பேசத் துணிவார். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகள் இந்தப் படியில்தான் பல நேரம் கூர்மையாகத் தெரிகிறார்கள். காதால் கேட்டு மனதில் வைக்கும் பழக்கம் அவர்களுக்குத்தான் அதிகம். எல்லாரும் சொல்லி முடித்ததும் வாசகத்தை இன்னொருவர் மறுபடி முழுதாக வாசிக்கட்டும்.

*நான்காம் படி: அமைதி (5 நிமிடம்).* எத்தனை நிமிடம் என்று பொறுப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு அது நீளமாகத் தோன்றும். அதைப் பார்த்துப் பதறிப் பாட்டு எடுத்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சத்தம் வரும், குழந்தை சிணுங்கும், பரவாயில்லை.

*ஐந்தாம் படி: பகிர்தல் (20 நிமிடம்).* எந்தச் சொல் என்னைத் தொட்டது, ஏன்? கேள்வி இவ்வளவே. இங்கே இரண்டே விதிகள். ஒன்று, 'நான்' என்று பேச வேண்டும். 'நாம் எல்லாரும்', 'இன்றைய இளைஞர்கள்' என்று பேசக் கூடாது. இரண்டு, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதிலோ திருத்தமோ அறிவுரையோ சொல்லக் கூடாது.

வித்தியாசத்தை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். "நம்பிக்கை இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று இந்த வாசகம் நமக்குக் கற்பிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பாடம். கேட்பவர் தலையாட்டலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "கூட்டம் அவரைப் பேசாதே என்று அதட்டிய இடத்தில் நான் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் மாமியார் பேச வரும்போதெல்லாம் நானும் அப்படித்தான் அடக்குகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது பகிர்வு. வாசகத்தின் ஒரு குறிப்பிட்ட இடமும் வாழ்க்கையின் ஒரு குறிப்பிட்ட இடமும் அதில் சந்திக்கின்றன.

இப்படிப் பேசப் பேச வாசகம் திறந்துகொள்ளும். முதலில் அதட்டிய அதே கூட்டம், இயேசு நின்று அவரைக் கூப்பிடச் சொன்னதும் தைரியம் சொல்லத் தொடங்குகிறது என்பதை ஒருவர் கவனிப்பார். பிச்சைக்காரருக்கு மேலுடை எவ்வளவு பெரிய சொத்து, அதையே எறிந்துவிட்டாரே என்று இன்னொருவர் கேட்பார். பத்தாம் அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே புரட்டினால் இன்னொன்றும் கிடைக்கும்: என்ன வேண்டும் என்று பர்த்திமேயுவிடம் கேட்பதற்குச் சற்று முன்புதான், அதே கேள்வியை இயேசு செபதேயுவின் மக்கள் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார் (10:36). அவர்கள் கேட்டது பக்கத்து இருக்கைகளை. பார்வையற்றவர் கேட்டது பார்வையை. கிடைத்ததும் இயேசுவின் பின்னாலேயே நடந்தார், எருசலேமுக்கு ஏறுகிற வழியில். முன்பின் பகுதியைப் பார்த்து வந்த பொறுப்பாளர், மற்றவர்கள் பேசி முடித்த பிறகு, இதை ஒரே வாக்கியத்தில் நினைவூட்டலாம்.

*ஆறாம் படி: செயலைத் தேடுதல் (10 நிமிடம்).* சென்ற வாரம் எடுத்த முடிவு என்ன ஆயிற்று என்பதில் தொடங்க வேண்டும். பிறகு இந்த வாசகம் நம் தெருவில் எதைக் கேட்கிறது என்ற கேள்வி. பர்த்திமேயு வாசகம் என்றால், நம் அன்பியத்தில் யாருடைய குரலை அடக்கி வைத்திருக்கிறோம்? பண்டிகைக் கூட்டத்துக்கு அழைக்கப்படாத விதவை இருக்கலாம். மாடி அறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கலாம். கண்புரையால் வெளியே வராமல் முடங்கிப்போன தாத்தா இருக்கலாம். அவரை அரசு மருத்துவமனைக்கோ அடுத்த கண் பரிசோதனை முகாமுக்கோ அழைத்துப்போக ஒருவர் வேண்டும். 'ஏழைகளுக்கு உதவுவோம்' என்பது முடிவாகாது. யார், எந்த நாள், என்ன செய்வது என்ற மூன்றும் இருந்தால்தான் முடிவு. அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும்.

*ஏழாம் படி: இறைவேண்டல் (5 நிமிடம்).* விரும்புகிறவர்கள் தம் சொற்களில் சுருக்கமாக மன்றாடுகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு செபத்தோடும் பாட்டோடும் முடியும்.

வேலை தேடி நின்றவர் கேட்கும் உவமை

வாழ்க்கை வாசகத்துக்குள் எப்படி வெளிச்சம் பாய்ச்சும் என்பதற்குத் திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை (மத்தேயு 20:1–16) நல்ல எடுத்துக்காட்டு. நிலக்கிழார் விடியற்காலையில் போய் ஒரு தெனாரியம் கூலிக்கு ஆள் பிடிக்கிறார். பிறகு காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் மூன்று, மாலை ஐந்து என்று மறுபடியும் மறுபடியும் சந்தைவெளிக்குப் போகிறார். மாலையில் எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம். தெனாரியம் என்பது அன்று ஓர் ஆளின் ஒரு நாள் கூலி.

மாதச் சம்பளக்காரர் இதை வாசித்தால், முழு நாள் வெயிலில் உழைத்தவருக்கு அநியாயம் நடந்ததாகவே முதலில் படும். தமிழகத்து நகரங்களில் காலை ஆறு மணிக்கே முக்குகளில் கரண்டியும் மம்பட்டியுமாக நின்று, மேஸ்திரி கூப்பிடுவாரா என்று காத்திருக்கும் கொத்தனாரும் சித்தாளும் வேறு இடத்தில் நிற்பார்கள்: மாலை ஐந்து மணிக்கும் அங்கே நிற்கிறவர்கள் சோம்பேறிகள் அல்ல, யாரும் கூப்பிடாதவர்கள். வாசகமும் அதைத்தான் சொல்கிறது. தங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் பதில் (20:7). மேஸ்திரிகள் முதலில் எடுப்பது வலுவான ஆட்களை. வயதானவர், மெலிந்தவர், அன்று காய்ச்சலில் வந்தவர் கடைசிவரை நிற்பார். வேலை ஒரு மணி நேரம்தான் கிடைத்தது என்பதற்காக அவர் வீட்டில் அன்று அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எரிந்தால் போதுமா?

ஏழை கூலிக்காரருக்குச் சூரியன் மறையுமுன் கூலி கொடுத்துவிட வேண்டும் என்ற பழைய சட்டம் இணைச்சட்டத்தில் இருக்கிறது (24:15). மாலையில் கூலி கொடுக்கிற காட்சி அங்கிருந்து வருகிறது. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்வதால்தான் முதலில் வந்தவர்கள் அதைக் கண்ணால் காண நேர்கிறது (20:8). அவர்கள் முணுமுணுப்பு தங்கள் கூலி குறைந்தது பற்றியதல்ல, அடுத்தவரைத் தங்களுக்குச் சமமாக்கியது பற்றியது. சாதியும் சம்பளமும் பிரித்து வைத்திருக்கும் ஒரு தெருவில் இந்த வசனம் ஊசியாகக் குத்தும். குத்தட்டும். பொறுப்பாளர் அதை அவசரப்பட்டு ஆற்ற முயலக் கூடாது.

கூட்டம் தடம் மாறும் இடங்கள்

*ஒருவரே பேசுவது.* இதைக் கண்டிப்பதைவிட ஒழுங்கால் தடுப்பது நல்லது. 'எல்லாரும் ஒருமுறை பேசிய பிறகுதான் ஒருவர் இரண்டாம் முறை பேசலாம்' என்ற விதியைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம். நிறையப் பேசுபவரிடம் வாசிக்கும் பொறுப்பையோ குறிப்பேட்டையோ கொடுக்கலாம். பேச விரும்பாதவர் 'நான் கேட்கிறேன்' என்று சொல்லிக் கடந்துபோக உரிமை உண்டு.

*பெண்கள் பேசாமல் இருப்பது.* அன்பியத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண் ஒருவர் வந்ததும் பேச்சு அவரிடம் போய்விடுவது நிறைய ஊர்களில் நடக்கிறது. பகிர்வைப் பெண்களிடமிருந்து தொடங்கினாலே பாதி சரியாகிவிடும்.

*விவாதம்.* மாற்கு ஒரே ஒரு பார்வையற்றவரைச் சொல்ல, மத்தேயு இருவரைச் சொல்கிறாரே (20:30), எது சரி என்று ஒருவர் கேட்பார். கேள்வி நல்லதுதான்; ஆனால் ஐந்தாம் படி அதற்கு இடமல்ல. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துப் பங்குத்தந்தையிடமோ விவிலியப் பயிற்சி பெற்ற அருட்சகோதரியிடமோ கேட்டு, அடுத்த வாரம் பதிலோடு வரலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிடுவதுதான் தவறு.

*யூதரை வில்லனாக்குவது.* பரிசேயர் வரும் பகுதிகளில் 'அந்த யூதர்கள் அப்படித்தான்' என்ற பேச்சு எளிதாக வந்துவிடும். இயேசுவும் மரியாவும் பன்னிரு திருத்தூதரும் யூதர்களே. நற்செய்தியில் வரும் கண்டனத்தை அடுத்த சமயத்தார் மீது எறியாமல், 'இதில் நான் எங்கே இருக்கிறேன்' என்று கேட்கப் பழக்க வேண்டும்.

*வெளியே போகும் ரகசியம்.* வட்டத்தில் ஒருவர் சொன்ன குடும்பக் கஷ்டம் மறுநாள் குழாயடியில் பேசப்பட்டால் அந்த அன்பியத்தில் அதன்பின் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்ல வேண்டும். சலிப்பு வந்தாலும் சொல்ல வேண்டும்.

*அழுகையும் அடியும்.* யாராவது அழுதால் உடனே ஆறுதல் வசனம் எடுத்து வாயை அடைக்கக் கூடாது. அமைதியாக உடன் இருந்தால் போதும். ஆனால் வீட்டில் அடி வாங்குவதாக ஒரு பெண் சொன்னால், சிலுவையைச் சுமக்கச் சொல்லி அனுப்புவது பாவம். கூட்டம் முடிந்ததும் நம்பிக்கையான ஒருவர் அவரோடு தனியாகப் பேசி, அவர் விருப்பப்படி 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழைக்க உதவ வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. நற்செய்தி வாசிக்கிற கூட்டத்துக்கு இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற சபைகளோடு

தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் வேதபாட வகுப்பு, வீட்டு ஜெபக்கூட்டம் என்ற பெயர்களில் இதே பசி இருக்கிறது. தமிழில் நான்கு நற்செய்திகளும் முதன்முதலில் அச்சானது 1714இல், தரங்கம்பாடியில், சீகன்பால்கு தொடங்கி வைத்த அச்சகத்தில். வீட்டில் வைத்து வேதம் வாசிக்கும் பழக்கத்தில் அந்தச் சபைகளுக்கு நீண்ட மரபு உண்டு. ஏழு படிகளில் எதுவும் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதல்ல. இரு சபைக் குடும்பங்களும் கலந்திருக்கும் தெருக்களில் சேர்ந்தே நடத்தலாம். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் இணைந்து உழைத்து 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை முதல் வாசிப்புக்கும், பலருக்கு மனப்பாடமாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பை இரண்டாம் வாசிப்புக்கும் எடுத்துக்கொண்டால் யாரும் அந்நியமாக உணர மாட்டார்கள்.

தொடங்குவதற்கு ஆறு வாசகங்கள்

புதிதாகத் தொடங்கும் அன்பியம் கடினமான உவமைகளிலோ நீண்ட உரைகளிலோ கால் வைக்காமல், ஆட்கள் நடமாடும் நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் வாரம் பர்த்திமேயு. இரண்டாம் வாரம் மரத்தில் ஏறிய சக்கேயு (லூக்கா 19:1–10). பணம், கணக்கு, திருப்பிக் கொடுத்தல் பற்றி வியாபாரிகள் பேசுவார்கள். மூன்றாம் வாரம் பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண் (மாற்கு 5:25–34). மருத்துவர்களிடம் எல்லாப் பணத்தையும் செலவழித்தும் குணமாகாத அவரைப் பெண்கள் உடனே அறிந்துகொள்வார்கள். நான்காம் வாரம் கிணற்றடியில் சமாரியப் பெண் (யோவான் 4:5–30). சற்று நீளம், ஆனால் யாருடைய பாத்திரத்தில் யார் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்ற கேள்வி தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. ஐந்தாம் வாரம் திராட்சைத் தோட்டம். ஆறாம் வாரம் எம்மாவு வழி (லூக்கா 24:13–35): இருவர் நடந்துகொண்டே தங்கள் ஏமாற்றத்தைப் பேசுகிறார்கள், மூன்றாமவர் சேர்ந்துகொண்டு மறைநூலை விளக்குகிறார், வீட்டில் உணவின்போது கண் திறக்கிறது. பகிர்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தப் பகுதியையே காட்டலாம்.

ஆறு வாரத்துக்கும் ஒரே பொறுப்பாளர் வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிய ஒருவர் நடத்தட்டும். அவர் பள்ளிப் படிப்பு முடிக்காதவராக இருந்தாலும் நடத்தட்டும், பழையவர் பக்கத்தில் இருந்து உதவட்டும். ஏழாம் வாரம் பங்குத்தந்தையை அழைத்து, குறிப்பேட்டை அவரிடம் கொடுத்து, எழுதி வைத்த முடிவுகளில் எத்தனை நிறைவேறின என்று எல்லாருமாக உட்கார்ந்து பாருங்கள். நிறைவேறாதவற்றை அடுத்த ஆறு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.